நீலத்திரையைப் படித்தவர்கள்

பழுதான கணினி வேறு, முடங்கும் கணினி வேறு. பழுதானது ஓடாது, தேடினால் பழுது எங்கே என்று அகப்பட்டுவிடும். முடங்குவது நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென நிற்கும். மறுபடி இயக்கினால் எதுவுமே நடக்காததுபோல ஓடும். இரண்டு நாள் கழித்து, வேறொரு வேலையின் நடுவில், மறுபடி நிற்கும். நின்ற கணத்தில் உள்ளே என்ன நடந்தது என்ற தடயம் அந்தக் கணத்தோடு அழிந்துபோவதுதான் சிக்கல். முடக்கத்தைத் துப்பறியும் தொழிலின் வரலாறு முழுக்க இரண்டு கேள்விகளைச் சுற்றியே வந்திருக்கிறது: தடயத்தை எப்படிக் காப்பாற்றுவது, காப்பாற்றியதை யார் படிப்பது.

1950களிலும் 60களிலும் முதல் கேள்வியே எழவில்லை. அக்கால நினைவகம் மெல்லிய கம்பிகளில் கோத்த காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் நின்றாலும் வளையங்களில் பதிந்தது அழியாது. நிரல் பாதியில் நின்றால் நினைவகம் முழுவதையும் எண்களாக அச்சிட்டு எடுத்தார்கள். நிரலை எழுதியவரே அந்தத் தாள்கட்டை மேசையில் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்து, நின்ற இடத்திலிருந்து ஒவ்வோர் எண்ணாகப் பின்னோக்கிப் போவார். காந்த வளையங்கள் 1970களில் வழக்கொழிந்தன. அவற்றின் ஆங்கிலப் பெயரான ‘கோர்’ மட்டும், நினைவக நகலின் பெயராக, யூனிக்ஸ் குடும்பத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முடக்கத்தை எப்படி எதிர்கொள்வது என்பதில் அப்போதே இரண்டு மனப்பான்மைகள் இருந்தன. மல்டிக்ஸ் இயங்குதளத்தை எழுதியவர்களில் ஒருவரான டாம் வான் விளெக், தாம் எழுதும் நிரலில் பாதி, பிழை நேர்ந்தால் மீள்வதற்கானது என்று யூனிக்ஸின் டென்னிஸ் ரிச்சியிடம் சொல்லியிருக்கிறார். யூனிக்ஸில் அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்பது ரிச்சியின் பதில். பிழை வந்தால் ‘பேனிக்’ என்ற ஒரு சிறு நிரல் இயந்திரத்தை நிறுத்திவிடும். யாராவது கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தால், அங்கே இருப்பவர் மறுபடி இயக்கிவிடுவார். குரல் கேட்கும் தொலைவில் விவரம் தெரிந்த ஆள் இருக்கும்வரை இது போதுமான ஏற்பாடுதான்.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வந்தபோது அந்த ஆள் காணாமல் போனார். கணினி வீட்டு மேசைக்கு வந்தது. பக்கத்தில் இருந்தது அதன் உரிமையாளர் மட்டும். அதிலிருந்த இன்டெல் 8088 செயலிக்கு நினைவகப் பாதுகாப்பு என்ற ஒன்றே கிடையாது. எந்த நிரலும் எந்த இடத்திலும் எழுதலாம், இயங்குதளத்தின் மேலேயே எழுதலாம். எழுதினால் எச்சரிக்கை எதுவும் வராது. திரை அப்படியே உறைந்து நிற்கும். ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி, மின்விசையை அணைக்காமலே கணினியை மறுபடி தொடங்கும்படி கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்று விசைகளின் சேர்க்கையை வைத்தார். அது நிரல் எழுதுபவர்களின் வசதிக்காக வைத்தது. உலகம் முழுவதும் வீட்டுக் கணினி மருத்துவத்தின் முதல் மருந்தாக அது மாறும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கணினியில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. நினைவகச் சில்லுகள் எட்டு எட்டாக இல்லாமல் ஒன்பது ஒன்பதாகப் பொருத்தப்பட்டிருந்தன. எட்டு தகவலுக்கு; ஒன்பதாவது, அந்தத் தகவல் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க. ஒரு பிட் மாறிவிட்டால் ‘பாரிட்டி செக்’ என்று திரையில் எழுதிவிட்டுக் கணினி நின்றுவிடும். கோளாறு தாய்ப்பலகை நினைவகத்திலா, கூடுதலாகச் செருகிய அட்டையிலா என்பதைக்கூட 1, 2 என்ற எண் காட்டிக்கொடுத்தது. 1990களில் விலைப் போட்டி வந்ததும் ஒன்பதாவது சில்லைத்தான் முதலில் கழற்றினார்கள். வீட்டுக் கணினிகள் இழந்த பொருள்களிலேயே மிக மலிவானதும் மிகவும் தேவைப்பட்டதும் அதுதான் என்று சொல்லலாம்.

இன்டெல் 286, 386 செயலிகள் நினைவகத்துக்கு வேலி போடும் திறனோடு வந்தன. வேலி வந்த பிறகே, வேலியைத் தாண்டியவர் யார் என்று சொல்லும் வாய்ப்பும் வந்தது. 1990இல் வெளியான விண்டோஸ் 3.0, நிரல் வரம்பு மீறினால் மீட்க முடியாத பிழை என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. 1992இல் வந்த 3.1, எந்த நிரல், எந்த முகவரி என்று சேர்த்துச் சொன்னது. அந்த விவரங்களைக் கோப்பில் எழுதிவைக்க ‘டாக்டர் வாட்சன்’ என்ற சிறு கருவியும் உடன் வந்தது. முதலில் அதற்கு ஷெர்லாக் என்று பெயர் வைத்திருந்தார்கள். நடந்ததை எழுதிவைப்பது மட்டுமே அதன் வேலை என்பதால் வாட்சன் என்ற பெயரே பொருத்தம்.

விண்டோஸில் பிழை நேரும்போது தோன்றும் நீலத்திரையை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு மூன்று பெயர்கள் அடிபடுவதற்குக் காரணம், மூன்று வெவ்வேறு நீலத்திரைகள் இருந்ததுதான். விண்டோஸ் 3.1இல் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினால் தோன்றிய திரையின் வாசகம், அப்போது மைக்ரோசாஃப்டில் இயங்குதளப் பிரிவைக் கவனித்த ஸ்டீவ் பால்மர் எழுதியது. விண்டோஸ் 95இன் திரைக்கு இறுதி வடிவம் தந்தவர் ரேமண்ட் சென். 1993 ஜூலையில் வந்த விண்டோஸ் என்டியின் திரையை எழுதியவர் ஜான் வெர்ட். அவர் நீலத்தைத் தேர்ந்ததற்குப் பின்னால் உளவியல் எதுவும் இல்லை. அவர் வேலை செய்த மிப்ஸ் கணினியின் தொடக்கத் திரையும், நிரல் எழுதப் பயன்படுத்திய ஸ்லிக்எடிட் மென்பொருளும் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருந்தன. இதுவும் அப்படியே அமைந்துவிட்டது.

இந்த மூன்றில் இன்றைய மடிக்கணினிகளுக்கு வழிவழியாக வந்திருப்பது என்டியின் திரை. அதன் தன்மை முற்றிலும் வேறு. விண்டோஸ் 95இன் திரை, ஏதாவது விசையை அழுத்தித் தொடரலாம் என்று கேட்கும். தொடர்ந்தால் சில சமயம் பிழைக்கும், பல சமயம் இன்னும் மோசமாகும். என்டியின் திரையில் அந்தப் பேச்சே இல்லை. இயங்குதளத்தின் மையமான கருநிரலின் கணக்கில் ஒரு முரண் தெரிந்த உடனே, கெட்டுப்போன தகவல் வட்டில் எழுதப்படுவதற்கு முன், இயங்குதளம் தானே தன்னை நிறுத்திக்கொள்கிறது. வீட்டில் மடிக்கணினி வைத்திருப்பவர் கண்டு பதறிய அந்த நீலநிறம், அவருடைய கோப்புகளைக் காப்பாற்ற எடுத்த முடிவின் நிறம்.

95, 98 காலத்தில் முடக்கம் எவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அந்த இரு பதிப்புகளிலும் ஓடிய நேரத்தை மில்லிவினாடிகளில் எண்ணும் ஒரு 32 பிட் எண்ணி இருந்தது. 49.7 நாளில் அது நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அப்போது கணினி உறைந்துவிடும். விண்டோஸ் 95 வெளியான 1995இலிருந்தே இருந்த இந்தப் பிழை வெளியே தெரிய 1999 ஆயிற்று. அதுவரை ஏழு வாரம் தொடர்ந்து ஓடிய வீட்டுக் கணினி மிக அரிது என்று இதற்குப் பொருள்.

1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, உதவியாளர் கிறிஸ் கபொசெலா ஒரு ஸ்கேனரை விண்டோஸ் 98 கணினியில் செருகினார். அரங்கத்துத் திரை நீலமாயிற்று. சிரிப்பலையில் மறைந்துபோன விஷயம் ஒன்று உண்டு: அன்று நின்றது, ஒரு வெளிக்கருவியை இணைத்த கணத்தில். அடுத்த பத்தாண்டுத் துப்பறிதல் முழுவதும் இந்தப் பக்கமே திரும்பியது. அச்சுப்பொறி, வைஃபை, திரை, ஒலி என ஒவ்வொரு கருவிக்கும் அதைத் தயாரித்தவர் எழுதிய டிரைவர் என்ற நிரல் உண்டு. சாதாரண நிரல்கள் வேலிக்கு வெளியே ஓடுகின்றன. டிரைவர்களில் பெரும்பாலானவை வேலிக்கு உள்ளே, கருநிரலின் அதே அதிகாரத்தோடு. விண்டோஸ் எக்ஸ்பியில் நேர்ந்த முடக்கங்களில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை என்று 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரை குறிப்பிட்டது.

குற்றவாளி டிரைவர் என்று தெரிந்தால் மட்டும் போதவில்லை, எந்த டிரைவர் என்று தெரிய வேண்டும். நீலத்திரை பெரும்பாலும் தவறான பெயரைச் சொல்வது இங்கேதான். ஒரு டிரைவர் நூறு பைட் இடம் கேட்டு வாங்கி 104 பைட் எழுதிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் நான்கு பைட் பக்கத்திலிருக்கும் வைஃபை டிரைவரின் இடம். அப்போது எதுவும் நடப்பதில்லை. அரைமணி கழித்து வைஃபை டிரைவர் தன் இடத்தைத் திறந்து, அங்கிருக்கும் குப்பையை ஒரு முகவரி என்று நம்பிப் போய், விழுகிறது. திரையில் வருவது வைஃபை டிரைவரின் பெயர். வழுக்கிய இடம் ஓரிடம், விழுந்த இடம் வேறிடம். வீட்டுக் கணினிகளில் மிகுதியாகத் தோன்றிய ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்ற பிழையும் இப்படித்தான்: அவசர வேலையில் இருக்கும் நிரல், தொடக்கூடாத முகவரியைத் தொட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது. அந்த முகவரி எப்படிக் கெட்டது என்பதைச் சொல்வதில்லை.

2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000இல் இதற்கு ஒரு நுட்பமான பொறி இருந்தது. ‘டிரைவர் வெரிஃபையர்’ என்ற அந்தக் கருவியை முடுக்கிவிட்டால், சந்தேகத்துக்குரிய டிரைவர் கேட்கும் ஒவ்வோர் இடத்தையும் இயங்குதளம் ஒரு நினைவகப் பக்கத்தின் கடைசி விளிம்பில் ஒட்டிக் கொடுக்கும். அடுத்த பக்கத்தை யாரும் தொட முடியாதபடி பூட்டிவைக்கும். ஒரு பைட் கூடுதலாக எழுதினாலும் அந்தக் கணமே முடக்கம். வழுக்கிய இடத்திலேயே விழ வைப்பதுதான் உத்தி. முடக்கத்தைக் கண்டுபிடிக்க முடக்கத்தை இன்னும் அதிகமாக்கும் கருவி இது என்பதால், இதைப் போட்டுவிட்டுக் கணினியே தொடங்காமல், அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் போய் அணைத்தவர்கள் அநேகம்.

இதற்கிடையில் தடயத்தைப் படிப்பவரும் மாறினார். 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி, முடக்க விவரத்தை இணையம்வழி மைக்ரோசாஃப்டுக்கே அனுப்பட்டுமா என்று கேட்டது. ‘அனுப்ப வேண்டாம்’ என்ற பொத்தானைப் பலர் பழக்கத்தில் அழுத்தினாலும், வந்துசேர்ந்த அறிக்கைகள் கதையை மாற்றின. பிழைகளில் 20 சதவீதமே 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணம், ஒரே ஒரு சதவீதம் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் என்று 2002இல் பால்மர் எழுதினார். ஒரு வீட்டில் நடந்த ஒரு முடக்கம் புதிர். லட்சம் வீடுகளில் ஒரே முகவரியில் நடந்த முடக்கம், நிறுவனத்தின் வேலைப்பட்டியலில் முதல் வரி.

டிரைவரை ஓட்டிப் பார்க்காமலே, எழுதியிருக்கும் நிரலை வைத்துக் கணித முறையில் பிழை காணும் முயற்சியும் இதே காலத்தில் பலித்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தாமஸ் பாலும், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணியும் நடத்திய ‘ஸ்லாம்’ ஆய்வு, பூட்டைத் திறந்தவர் மூடினாரா என்பது போன்ற விதிகளை டிரைவர் எல்லா வழிகளிலும் கடைப்பிடிக்கிறதா என்று சோதித்தது. டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ‘ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர்’ அதிலிருந்து பிறந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது முடக்கம் கூடியது. டிரைவர் அமைப்பையே மாற்றியிருந்தார்கள். தயாரிப்பாளர்கள் அவசரத்தில் எழுதியிருந்தார்கள். பின்னர் ஒரு வழக்கில் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களின்படி, அந்த ஆண்டில் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதம், திரைச் சில்லுகள் தயாரிக்கும் என்விடியாவின் டிரைவர்கள் கணக்கில் இருந்தது. அதே விஸ்டாவின் ஒரு நல்ல மாற்றம், திரை டிரைவர் இரண்டு வினாடிக்கு மேல் பதில் தராவிட்டால் கணினியை நிறுத்தாமல் டிரைவரை மட்டும் எழுப்பிவிடுவது. திரை ஒருமுறை கறுத்து மீண்டால், முன்பு நீலத்திரையாக வந்திருக்க வேண்டியது அப்படித் தப்பியிருக்கிறது.

வீட்டில் இருப்பவருக்குக் கிடைத்தது என்ன? எக்ஸ்பி முதல், முடங்கியதும் கணினி தானாகவே மறுபடி தொடங்குவது இயல்பாக வைக்கப்பட்டது. நீலத்திரை மின்னி மறையும்; படிக்க நேரமில்லை. ஆனால் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் ஒரு சிறு கோப்பு தங்கும். 32 பிட் கணினியில் அதன் அளவு 64 கேபி. நினைவகத்தை அச்சிட்டு எடுத்த அந்தப் பழைய தாள்கட்டின் இன்றைய வடிவம் இதுதான். மைக்ரோசாஃப்டின் ‘வின்டிபிஜி’ கருவியில் இதைத் திறந்து ‘அனலைஸ்’ கட்டளை கொடுத்தால், கடைசியில் ஓடிய நிரல்களின் வரிசையைக் காட்டி, சந்தேகத்துக்குரியது இன்னது என்று ஒரு பெயரையும் சொல்லும். நிர்சாஃப்டின் ‘புளூஸ்கிரீன்வியூ’ அதையே அட்டவணையாகக் காட்டியது. இரண்டிலும் அடிக்கடி வரும் பெயர் ‘என்டிஓஎஸ்கேஆர்என்எல்’, அதாவது இயங்குதளத்தின் கருநிரல். அதைப் பார்த்து விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது மிகப் பரவலான தவறு. விழுந்தது கூடத்தில் என்பதற்காகக் கூடத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே கோப்பை விட ஐந்தாறு கோப்புகளை வரிசையாகப் பார்ப்பது பயன் தரும். பெயர் மாறாமல் வந்தால் டிரைவர். ஒவ்வொரு முறையும் வேறு பெயர், வேறு பிழை எண் என்றால் சந்தேகம் வன்பொருளின் பக்கம், முதலில் நினைவகத்தின் பக்கம், திரும்ப வேண்டும்.

நினைவகம் தானாகத் தவறும் என்பது 1978 முதலே தெரிந்த செய்தி. சில்லின் உறைப்பொருளில் கலந்திருந்த கதிரியக்கத் துகள்கள் பிட்டுகளைப் புரட்டுவதை இன்டெல்லின் டிமோதி மே, மர்ரே வுட்ஸ் இருவரும் அப்போது கண்டறிந்தார்கள். 2009இல் கூகுள் தன் சேவையகங்களை ஆராய்ந்து, நினைவகப் பட்டைகளில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஓராண்டில் பிழை காட்டின என்று வெளியிட்டது. சேவையகங்களில் பிழையைத் திருத்தும் நினைவகம் உண்டு. வீட்டு மடிக்கணினிகளில் அது பொதுவாகக் கிடையாது. கழற்றிய ஒன்பதாவது சில்லு திரும்பி வரவில்லை. அந்த இடத்தை நிரப்பியது 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய ‘மெம்டெஸ்ட்86’. இயங்குதளம் இல்லாமலே தொடங்கி, நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வடிவத்தை எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரு சுற்றில் தப்பிய கோளாறு நாலாவது சுற்றில் அகப்படுவதுண்டு. அதனால் இரவு முழுவதும் ஓடவிடுவார்கள். பிழை தெரிந்தால் இரண்டு பட்டைகளில் ஒன்றைக் கழற்றி, மற்றதை மட்டும் வைத்து மறுபடி சோதிப்பார்கள். பிறகு இடம் மாற்றி. பட்டையோடு பிழை நகர்ந்தால் பட்டை, இடத்தோடு தங்கினால் தாய்ப்பலகை. நினைவகத்தைப் பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடும் மெல்லிய மடிக்கணினிகள் வந்தபின் இந்த எளிய சோதனைக்கு வழியில்லாமல் போயிற்று.

மேசைக் கணினியில் அவ்வளவாக இல்லாத ஒரு பகை மடிக்கணினிக்கு உண்டு: சூடு. ஒரு செப்புக்குழாய், ஒரு சிறு விசிறி, தூசி அடைக்கும் ஒரு துவாரம், இவ்வளவுதான் அதன் குளிர்விப்பு. இதன் விளைவைப் பெரிய அளவில் காட்டியது 2008. அவ்வாண்டு ஜூலை 2 அன்று, முந்தைய தலைமுறை மடிக்கணினித் திரைச் சில்லுகள் சிலவற்றின் பொருளும் உறையும் பலவீனமானவை என்று என்விடியா ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்கியது. டெல், எச்பி, ஆப்பிள் மடிக்கணினிகளில் அவை இருந்தன. சிலிக்கான் துண்டுக்கும் அதைத் தாங்கும் தட்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பற்றுக்குமிழ்கள் உண்டு. கணினி சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, குமிழ்கள் மெல்ல விரிசல் விட்டன. முதலில் திரையில் கோடுகள், பிறகு திரை டிரைவர் பெயரில் நீலத்திரை, கடைசியில் இருட்டு. டிரைவரை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. தயாரிப்பாளர்கள் சிலர் விசிறியை அதிக நேரம் ஓட வைக்கும் பயாஸ் திருத்தம் கொடுத்தார்கள். அது கோளாறைத் தள்ளிப்போட்டது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், டெல்லி நேரு பிளேஸ் போன்ற சந்தைகளில் ‘ரீபாலிங்’ என்ற தொழில் வேரூன்றியது இக்காலத்தில். சில்லைச் சூடாக்கிப் பலகையிலிருந்து பெயர்த்து, பழைய ஈயத்தைத் துடைத்து, துளைத்தகட்டின் வழியே புதிய ஈயமணிகளை வரிசையாக உட்காரவைத்து, மறுபடி உருக்கி ஒட்டுவார்கள். பொறுமையும் கைப்பக்குவமும் கேட்கும் வேலை. ஆனால் இப்படிப் புதுப்பிக்கப்பட்டவை சில்லுக்கும் பலகைக்கும் இடையிலான மணிகள்; விரிசல் விட்டிருந்ததோ சில்லின் உறைக்கு உள்ளே. சூடுபட்டதில் உள்விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில வாரமோ மாதமோ ஓடும், மறுபடி வரும். திருத்தப்பட்ட புதுச் சில்லை வைத்தவர்களுக்கே நிரந்தரமாகச் சரியானது.

‘ஃபார்மட் போட்டுடலாம்’ என்பது கடைகளின் எளிய தீர்வாக இருந்தது. பழைய டிரைவர்களும் ஒன்றோடொன்று சண்டையிடும் மென்பொருள்களும் அதில் போய்விடும் என்பதால் பல சமயம் பலித்தது. பலிக்காதபோது, கோளாறு வன்பொருளில் என்பதும் போகிறபோக்கில் உறுதியாயிற்று. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இந்த ஆய்வுக்கு இன்னும் மலிவான வழியை உள்ளேயே வைத்திருந்தன. விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. ஒன்றில் மட்டும் முடங்கினால் மென்பொருள், இரண்டிலும் முடங்கினால் வன்பொருள். அந்த இரண்டாவது இயங்குதளத்தை முதல் வேலையாக அழித்துவிடும் வழக்கமே பரவலாக இருந்தது.

திரையின் முகம் 2012இல் மாறியது. விண்டோஸ் 8, பதினாறெண் வரிசைகளை நீக்கிவிட்டு ஒரு சோகமுகக் குறியையும் ஒரு பிழைப்பெயரையும் வைத்தது. 2016இல் கியூஆர் குறியீடு சேர்ந்தது. அதை வருடினால் பொதுவான உதவிப் பக்கம் ஒன்று வந்தது. விவரம் தெரிந்தவர்களுக்கு இது இழப்பு, மற்றவர்களுக்கு ஆதாயம் என்றும் சொல்ல முடியவில்லை.

2024 ஜூலை 19 அன்று இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. கருநிரலுக்குள் ஓடிய அதன் டிரைவர், 20 உள்ளீடுகள் மட்டுமே இருந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப் போனது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும், விழுந்தவை எழவில்லை. ஒவ்வொன்றாக சேஃப் மோடில் தொடங்கி அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. நிறுவனங்களுக்கான மென்பொருள் என்பதால் வீட்டு மடிக்கணினிகள் பெரும்பாலும் தப்பின. வேலிக்கு உள்ளே அயலார் நிரலை விடலாமா என்ற பழைய கேள்வி மறுபடி எழுந்து, பாதுகாப்பு மென்பொருள்களை வெளியே நகர்த்தும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

2025இல் விண்டோஸ் 11இன் திரை கறுப்பானது. சோகமுகமும் கியூஆரும் போயின. அடியில் பிழைப்பெயரும், காரணமாகக் கருதப்படும் டிரைவரின் பெயரும் நேரடியாக வந்தன. மறுபடி தொடங்கும் நேரத்தையும் பெரும்பாலான கணினிகளில் இரண்டு வினாடியளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். பெயர் திரும்பி வந்தது. படிப்பதற்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். மினிடம்ப் கோப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது.